நியூ ஆர்லியன்ஸ் என்னும் ஆற்றுத் துறைமுக நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஆர்லியன்ஸ் என்றதும் ஜாஸ் இசை, மார்டி க்ரா ஊர்வலம், கத்ரீனா புயல் என்று மூன்று விஷயங்கள் பலருக்கும் நினைவுக்கு வரும். வேலை நிமித்தமாக அந்த ஊரில் சில வருடங்கள் இருந்தவன் என்பதால் நண்பர்களும் உறவினர்களும் அந்த மூன்றைப் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். நான் ஆற்றிலிருந்துதான் பதில் சொல்ல ஆரம்பிப்பேன். மிசிசிப்பி இல்லையென்றால் அங்கே ஊரே கிடையாது. அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸ் கடற்கரை நகரமா?

இல்லை. அங்கே கடற்கரையைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அமெரிக்காவின் தெற்கில் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடத்திலிருந்து ஆற்று வழியில் 160 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். தெற்கே ஆறு, வடக்கே பாண்ட்சார்ட்ரெய்ன் என்னும் பெரிய ஏரி, சுற்றிலும் சதுப்பு. ஆறு இந்த இடத்தில் பிறை போல வளைவதால் 'பிறை நகரம்' என்று செல்லப்பெயர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,83,997. 1960-ல் இது 6,27,525 ஆக இருந்தது.

இப்படிப்பட்ட சதுப்பில் ஏன் ஊர் கட்டினார்கள்?

வட அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதற்கும் மிசிசிப்பிதான் வாசல். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெய்யும் மழை கடைசியில் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. அந்த வாசலை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களைக் கேட்காமல் உள்நாட்டு விளைச்சல் ஒரு மூட்டைகூடக் கடலுக்குப் போக முடியாது.

ஆற்றின் முகத்துவாரமோ எப்போதும் மணல்மேடும் சேறுமாகக் கிடக்கும். அந்தக் காலப் பாய்மரக் கப்பல் எதிர் நீரோட்டத்தில் ஏறிவரப் பல வாரங்கள் ஆகும். அதனால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஏரி வழியாகப் படகில் வந்து, சின்ன ஓடை ஒன்றில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து ஆற்றைத் தொடும் ஒரு குறுக்குப் பாதையை வைத்திருந்தார்கள். அதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டியவர்களும் அவர்களே. அந்தப் பூர்வகுடிகளின் சாக்டா மொழியில் இந்த இடத்துக்கு 'புல்பான்சா' என்று பெயர். பல மொழிகள் பேசப்படும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஊர் தோன்றும் முன்பே அது சந்தை கூடும் இடமாக இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெயரே போதும். 1718-ல் பியென்வில் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தப் பாதை ஆற்றைத் தொடும் இடத்தில் ஊரை நிறுவினார்.

பிறகு ஊர் ஸ்பெயினின் கைக்குப் போனது. 1788, 1794 தீ விபத்துகளில் பழைய வீடுகள் பெரும்பாலும் எரிந்துபோக, ஸ்பானிய ஆட்சியில் திரும்பக் கட்டினார்கள். இன்று 'ஃபிரெஞ்சு குவார்ட்டர்' என்று சுற்றிக் காட்டும் பகுதியில் முற்றமும் வளைவுகளும் ஸ்பானியச் சாயலில் இருப்பது அதனால்தான். பின்னர் ஸ்பெயின் லூசியானாவைப் பிரான்சுக்கே திருப்பிக் கொடுத்தது. 1803-ல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் தூதர்கள் இந்தத் துறைமுகத்தை வாங்கத்தான் பாரிசில் பேச்சு நடத்தினார்கள். பணத்தேவையில் இருந்த நெப்போலியன் மொத்த லூசியானாவையும் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒரு துறைமுகத்தை விலைபேசப் போய் ஒரு நாட்டின் வரைபடமே மாறிய கதை இது.

துறைமுகத்தில் இன்று என்னென்ன ஏறி இறங்குகிறது?

காபிக்கொட்டை, ரப்பர், எஃகு, ஒட்டுப்பலகை, கன்டெய்னர்கள், உல்லாசக் கப்பல் பயணிகள். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். அங்கிருந்து மேலே பேட்டன் ரூஜ் வரை ஆற்றின் இரு கரையிலும் தானியக் கிடங்குகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. நிர்வாகத்துக்காகப் பல துறைமுகங்களாகப் பிரித்திருந்தாலும் நீரில் அது ஒரே துறைமுகம். அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் தானியத்தில் பாதிக்கு மேல் இந்த நீர்வழியாகத்தான் போகிறது. அயோவா விவசாயி விற்ற சோயாவுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில் இந்த ஆற்றின் நீர்மட்டத்துக்கும் பங்கு உண்டு.

தானியத்தைக் கொண்டுவருவது 'பார்ஜ்' என்னும் தட்டைப் படகு. ஒரு பார்ஜில் சுமார் 1,500 டன் பிடிக்கும். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் செயின்ட் லூயி நகரத்துக்குக் கீழே, படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் 'லாக்' கதவுகள் கிடையாது. அதனால் முப்பது நாற்பது பார்ஜ்களை இரும்புக் கம்பிவடத்தால் ஒன்றாகக் கட்டி, பின்னாலிருந்து ஒரே படகு தள்ளிக்கொண்டு வரும். பெயர் என்னவோ இழுபடகு, செய்வது தள்ளும் வேலை. அத்தனையும் லாரியில் வந்தால் ஆயிரக்கணக்கில் லாரிகள் வேண்டும்.

அவ்வளவு பெரிய கடல் கப்பல்கள் ஆற்றில் எப்படி வருகின்றன?

ஆற்றுக்குள் நுழையும் வெளிநாட்டுக் கப்பலின் கேப்டன் தானாக ஓட்டிவிட முடியாது. ஆற்றை நன்கு அறிந்து கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் பைலட் ஒருவர் ஏற வேண்டும். கடலிலிருந்து பேட்டன் ரூஜ் வரை மூன்று பைலட் சங்கங்கள் பாதையைப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. முகத்துவாரத்தைத் தாண்டி பைலட்டவுன் வரை ஒருவர், அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை இன்னொருவர், அதற்கு மேலே மூன்றாமவர். ஆற்றுப்படுகை மாறிக்கொண்டே இருப்பதால் போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஊரின் நடுவிலேயே வருகிறது அல்ஜியர்ஸ் முனை. ஆறு ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பும் இடம். ஆழம் சுமார் 60 மீட்டர். நீர் உயரும் காலத்தில் இங்கே கப்பல்களுக்கு, சாலையில் இருப்பது போலவே, சிவப்பு பச்சை விளக்கு வைத்துப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள்.

மார்ச் மாத மாலை ஒன்றில் அந்த முனையின் கரையில் உட்கார்ந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலேயிருந்து பார்ஜ் கூட்டம் ஒன்று வந்தது. வளைவுக்கு வெகு முன்பே தள்ளுபடகு தலையைத் திருப்பிவிட்டது. அப்புறம் அந்த முழு நீளமும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வந்தது, ஈரத்தரையில் பெரிய மேசையைத் தள்ளுவது போல. முன்வரிசை பார்ஜின் மூலையில் ஆரஞ்சு சட்டைக்காரர் ஒருவர் கையில் ரேடியோவோடு நின்று கரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். படகை ஓட்டுகிறவர் அவருக்கு முன்னூறு மீட்டர் பின்னால் இருந்தார். என்ஜின் சத்தத்தைவிட நீர் இரும்பில் அடிக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1996 டிசம்பர் 14 சாட்சி. தானியம் ஏற்றி வந்த 'பிரைட் ஃபீல்ட்' என்ற கப்பலின் என்ஜின் வளைவருகே சக்தி இழந்தது. கப்பல் நேராகக் கரையிலிருந்த வணிக வளாகத்தில் மோதி நின்றது. பலர் காயமடைந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஊர் முழுக்கக் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பது உண்மையா?

ஏறக்குறைய பாதி ஊர் அப்படித்தான். இதில் புதிதாகப் போகிறவர்களைத் திகைக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆற்றுக்கு மிக அருகில் இருப்பதுதான் மேட்டு நிலம். ஆற்றை விட்டுத் தள்ளிப் போகப் போகப் பள்ளம்.

காரணம் எளிது. கரை கட்டாத காலத்தில் ஆறு பெருகி வழியும்போது கனமான மணலும் வண்டலும் கரையோரத்திலேயே படிந்துவிடும். நைசான களிமண் மட்டும் தூரமாகப் போய்ச் சேரும். ஆயிரக்கணக்கான வருடம் இப்படி நடந்து ஆறு தனக்குத்தானே கரை கட்டிக்கொண்டது. பழைய ஊர் முழுவதும் அந்த மேட்டில்தான் இருக்கிறது.

பின்னாலிருந்த சதுப்பில் இருபதாம் நூற்றாண்டு வரை யாரும் வீடு கட்டவில்லை. 1913-ல் பால்ட்வின் வுட் என்ற நகரப் பொறியாளர் பிரம்மாண்டமான திருகு பம்ப் ஒன்றை வடிவமைத்தார். சதுப்பு நீரை இறைத்து ஏரியில் விட்டார்கள். நிலம் காய்ந்தது, வீடுகள் எழுந்தன. ஆனால் ஈரம் போன சதுப்பு மண் பஞ்சு போல அமுங்கும். கடல் மட்டத்தை ஒட்டியிருந்த நிலம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இறைத்தால்தான் குடியிருக்கலாம், இறைக்க இறைக்க நிலம் தாழும். இந்தச் சிக்கலிலிருந்து ஊர் இன்னும் வெளியே வரவில்லை. வுட் காலத்துப் பம்ப்களில் சில இன்றும் ஓடுகின்றன.

சில தெருக்களில் நின்று அண்ணாந்து பார்த்தால் புல் முளைத்த கரைமேட்டுக்கு மேலே கப்பலின் மேல்தளம் மட்டும் நகர்ந்து போவது தெரியும். முதல் முறை பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது உண்மை.

கத்ரீனாவில் ஆறுதானே கரையை உடைத்தது?

இல்லை. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். 2005 ஆகஸ்ட் 29 அன்று தண்ணீர் வந்தது முதுகுப்பக்கத்திலிருந்து. புயல் கடலைத் தள்ளி ஏரியிலும் கப்பல் கால்வாயிலும் நிரப்பியது. 17-ஆம் தெரு கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இண்டஸ்ட்ரியல் கால்வாய் ஆகியவற்றின் தடுப்புச்சுவர்கள் உடைந்தன. ஊரின் எண்பது சதவீதம் நீரில் மூழ்கியது. ஆற்றங்கரை மேட்டில் இருந்த பழைய ஊர் பெரும்பாலும் தப்பியது.

சுவர்கள் சில, நீர் உச்சியைத் தொடும் முன்பே சரிந்தன. அடித்தளத்து மெதுமண்ணைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கட்டிய ராணுவப் பொறியாளர் படையும் 2006-ல் வடிவமைப்புக் குறையை ஒப்புக்கொண்டது. இதை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. புயலில் அந்த வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதியவர்களும் கார் இல்லாத ஏழைகளும் ஊரைவிட்டு வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 2000-ல் 4,84,674 ஆக இருந்த மக்கள்தொகை 2010-ல் 3,43,829 ஆனது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

அதன் பிறகு சுமார் 1,450 கோடி டாலர் செலவில் புதுக் கரைகளும் மதகுகளும், கிழக்கே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பும் எழுந்தன. 2021-ல் அதே ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் வந்தபோது அந்தக் கரைகள் தாங்கின. மின்சாரம்தான் ஊர் முழுக்கப் போனது.

அப்படியானால் ஆற்று வெள்ளத்தைப் பற்றிப் பயம் இல்லையா?

உண்டு. 1927 பெருவெள்ளத்தில் ஊரின் பெரிய மனிதர்கள் பயந்துபோய், கீழே கார்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரைக் காப்பாற்ற என்று சொல்லி ஏழை மீனவர்களும் ரோமத்துக்காகச் சிறு விலங்கு பிடிப்பவர்களும் வாழ்ந்த பகுதியை மூழ்கடித்தார்கள். நஷ்ட ஈடு என்று வாக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. மேலே வேறு இடங்களில் கரை உடைந்துவிட்டதால் அந்த வெடிக்கு அவசியமே இல்லாமல் போனது தனிக் கொடுமை. அந்தப் பகுதி மக்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான், ஊருக்கு 50 கிலோமீட்டர் மேலே 'பானே கேரி' வடிகால் 1931-ல் கட்டி முடிந்தது. 350 கண்கள், ஒவ்வொன்றிலும் 20 மரச்சட்டங்கள். வெள்ளம் வந்தால் கரைமேல் ஓடும் கிரேன் ஒவ்வொரு சட்டமாகத் தூக்கும். மோட்டார் வைத்த இரும்புக் கதவு எதுவும் கிடையாது, 7,000 மரக்கட்டைகள்தான். மிஞ்சிய ஆற்று நீர் ஏரிக்குப் போய்விடும். 2019-ல் ஒரே வருடத்தில் இரண்டு முறை திறந்தார்கள். ஊர் தப்பியது. ஏரி வழியாகக் கடலோர உப்பங்கழிகளில் நன்னீர் புகுந்து சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதை நம்பிப் பிழைத்தவர்களுக்குப் பெரிய அடி.

குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அதே ஆற்றிலிருந்து. வெள்ளத்துக்கு நேர்மாறான தொல்லை இங்கே இருக்கிறது. வறட்சியில் நீரோட்டம் குறைந்தால் கனமான கடல்நீர் ஆற்றின் அடியோடு ஊர்ந்து மேலேறும். மேலே ஓடுவது நன்னீர், அடியில் உப்பு. 2023 இலையுதிர் காலத்தில் கீழ்ப்பகுதி ஊர்களில் குழாய் நீர் உப்புக் கரித்து, பாட்டில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆற்றடியில் சேற்றாலும் மணலாலும் வரப்பு போல ஒரு தடுப்பை எழுப்பினார்கள். உப்பு நகரத்தைத் தொடவில்லை. நகரக் கடைகளில் தண்ணீர் பாட்டில் அடுக்கிய தட்டுகள் மட்டும் அதற்குள் காலியாகிவிட்டன.

அடிமை வணிகத்தில் இந்தத் துறைமுகத்தின் பங்கு என்ன?

மிகப் பெரியது. 1812-ல் முதல் நீராவிப் படகு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பருத்தியும் சர்க்கரையும் இந்தத் துறையில் மலையாகக் குவிந்தன. 1840-ல் நாட்டிலேயே மூன்றாவது பெரிய நகரம் இது. அந்தப் பருத்தியையும் கரும்பையும் விளைவித்தவர்கள் அடிமைகள். அவர்களைப் படகிலும் கப்பலிலும் நடத்தியும் கொண்டுவந்து விற்ற சந்தைகளில், உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவிலேயே மிகப் பெரியது நியூ ஆர்லியன்ஸ்தான். லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இங்கே விலைபோனார்கள். ஆடம்பர ஹோட்டலின் குவிமாடத்துக்குக் கீழே ஓவியங்களை ஏலம் விடுவது போல ஆட்களையும் ஏலம் விட்டார்கள். அழகான பால்கனிகளைப் படம் எடுக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

1892-ல் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறிக் கைதானதும் இந்த ஊரில்தான். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1896-ல் கொடுத்த தீர்ப்பு இனப் பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது. 1960-ல் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், காவலர்கள் சூழ, வெள்ளையர் பள்ளிக்குள் நடந்து போனதும் இங்கேதான்.

நமக்குத் தொடர்புள்ள ஒரு துணுக்கு: 1786-ல் ஸ்பானிய ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் பளிச்சென்ற துணிகளை எடுத்துக் கட்டி அதையே அலங்காரமாக்கிவிட்டார்கள். அதில் பேர்போனது கட்டம் போட்ட 'மெட்ராஸ்' கைக்குட்டைத் துணி.

ஜாஸ் இங்கே பிறந்ததற்கும் துறைமுகத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் அடிமைகள் கூடி ஆப்பிரிக்கத் தாளத்தில் ஆடிப் பாடினார்கள். ஹைதியிலிருந்தும் கியூபாவிலிருந்தும் கப்பலில் வந்தவர்கள் தங்கள் தாளத்தைக் கொண்டுவந்தார்கள். ராணுவ பேண்டுகளின் பித்தளை வாத்தியங்களும் தேவாலயப் பாட்டும் சேர்ந்துகொண்டன. இத்தனையும் ஒரே ஊரில் சந்திக்கத் துறைமுகம் தேவைப்பட்டது. 1901-ல் இங்கே பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், இளைஞராக இருந்தபோது ஆற்றில் ஓடிய உல்லாசப் படகுகளில் வாசித்துக்கொண்டே செயின்ட் லூயியையும் தாண்டிப் போனார். ஜாஸ் வடக்கே பயணம் போன வழிகளில் ஆறும் ஒன்று.

நம் நாக்குக்குச் சாப்பாடு ஒத்துவருமா?

அமெரிக்காவில் நான் சாப்பிட்ட ஊர்களில் இங்கேதான் சொந்த ஊர்ச் சாப்பாட்டின் நினைவு வந்தது. 'கம்போ' என்று ஒரு குழம்பு. மாவை எண்ணெயில் செம்பழுப்பு நிறம் வரும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் கவனம் தப்பினால் கருகிவிடும். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய், பிறகு இறால் அல்லது கோழி. பலர் வெண்டைக்காயும் போடுவார்கள். கம்போ என்ற சொல்லே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்சும் சோறும். அந்தக் காலத்தில் துணி துவைக்கும் நாள் அது, அடுப்பில் ஏற்றிவிட்டால் தானாக வெந்துகொண்டிருக்கும்.

காபியில் சிக்கரி கலப்பார்கள். உள்நாட்டுப் போர்க் கால முற்றுகையில் காபிக்கொட்டை வராமல் வேரூன்றிய பழக்கம் அது என்கிறார்கள். ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் வாய் பழகிய ருசிதான். சைவர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. பீன்சுக்குள்ளும் இறைச்சித் துண்டு கிடக்கும்.

மார்டி க்ரா எப்போது?

ஜனவரி 6-ல் பருவம் தொடங்கி, கிறிஸ்தவத் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயில் முடியும். ஊர்வல வண்டிகளிலிருந்து பாசிமாலைகளை வீசுவார்கள். 2018-ல் ஒரே சாலையின் ஐந்து தெரு நீளத்து வடிகால்களிலிருந்து 46 டன் பாசிமாலையை அள்ளியதாக நகராட்சி சொன்னது. பம்ப்பை நம்பி வாழும் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

வழி கேட்டால் கிழக்கு மேற்கு சொல்லமாட்டார்களாமே?

ஆமாம். ஆறு வளைந்து வளைந்து போவதால் திசைக்கு அர்த்தமில்லை. 'ஆற்றுப் பக்கம்', 'ஏரிப் பக்கம்', 'மேலூர்', 'கீழூர்' என்றுதான் சொல்வார்கள். 'மேற்குக் கரை' என்ற பகுதியின் பக்கத்திலிருந்து சூரியன் உதிப்பதைப் பழைய ஊரில் நின்று பார்க்கலாம்.

ஆறு இந்த ஊரை விட்டே போய்விடும் என்கிறார்களே?

விட்டுவைத்தால் போயிருக்கும். மிசிசிப்பி ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை கடலுக்குக் குறுக்குவழி தேடும் ஆறு. இப்போது அதற்குப் பிடித்த வழி மேற்கே உள்ள அச்சாஃபலாயா ஆறு. 1963 முதல் மதகுகள் வைத்து, எழுபது சதவீதம் பழைய தடத்தில், முப்பது சதவீதம் அச்சாஃபலாயாவில் என்று பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். 1973 வெள்ளத்தில் அந்த மதகின் அடித்தளமே அரித்துப் போய் மயிரிழையில் தப்பியது. அது போனால் கீழே இருக்கும் துறைமுகத்தின் ஆழமும் ஆலைகளின் நன்னீரும் நகரத்தின் குடிநீரும் எல்லாமே கேள்விக்குறி.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரலில் போங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் என்பதால் முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் 1835-லிருந்து ஓடும் செயின்ட் சார்லஸ் டிராமில் ஏறி ஒரு சுற்று. மதியம் கம்போ. சாயங்காலம் கனால் தெருவின் கடைசியில் ஃபெரி ஏறி எதிர்க்கரை அல்ஜியர்சுக்குப் போய்விடுங்கள். சில நிமிடப் பயணம்தான். இறங்கியதும் கரைமேட்டில் இடதுபுறம் நடந்தால் வளைவின் முனை வரும். புல்லில் உட்கார்ந்து, வருகிற பார்ஜ்களை எண்ணிப் பாருங்கள். கடைசி ஃபெரி எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.